அமெரிக்கா ‘மூன்றாம் நிலை’ என்கிறது. குழந்தையோடு டிரினிடாடுக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் கணவருக்குக் கரீபியன் தீவான டிரினிடாடில் பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் அம்மோனியா ஆலையில் ஐந்து மாத வேலை. நீங்களும் நான்கு வயது மகளும் ஜனவரியில் போய் ஆறு வாரம் அவரோடு தங்கலாம் என்று நினைக்கிறீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த நாட்டை மூன்றாம் நிலையில், அதாவது ‘பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்ற வரிசையில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கனடா ‘மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பிரிட்டன் போக வேண்டாம் என்று எங்குமே சொல்லவில்லை. உங்கள் மாமியார், ‘எந்த நாடு எது சொன்னாலும் சரி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது’ என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி.

போகலாம் என்பது என் கருத்து. ஆனால் சில ஏற்பாடுகளைப் புறப்படுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அவற்றுள் மிக முக்கியமான ஒன்று நீங்கள் படித்த மூன்று நாட்டு அறிவுரைகளிலும் உங்களுக்குப் பயன்படும் வகையில் இருக்காது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். கப்பல், எண்ணெய், எரிவாயுத் துறைப் பணியாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகள் இருந்ததால், இந்த அரசாங்க அறிவுரைகளை வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மூன்று நாடுகளும் சொல்வது ஏறத்தாழ ஒரே செய்திதான். செய்தியை வார்க்கும் அச்சுகள்தாம் வேறு.

பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் எண் போட்டு நிலை பிரிப்பதில்லை. அவசியமான பயணம் தவிர மற்றவற்றைத் தவிர்க்கவும், எந்தப் பயணமும் வேண்டாம் என இரண்டே தடைச் சொற்றொடர்கள் அவர்களிடம் உண்டு. இரண்டும் பொருந்தாத நாட்டுக்கு விவரங்களை மட்டும் எழுதிவிட்டு முடிவைப் பயணியிடமே விட்டுவிடுவார்கள். அந்தச் சொற்றொடர்களில் ஒன்றைப் பயன்படுத்திவிட்டால் அங்கே பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாமல் போகும், சுற்றுலா நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். அதனால் அந்த ஆயுதத்தை எளிதில் எடுக்க மாட்டார்கள். ஆகவே பிரிட்டன் தடை சொல்லவில்லை என்பதை ‘பிரச்சினை இல்லை’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. அதே பக்கத்தின் உள்ளே போனால் கொலை, துப்பாக்கி, வழிப்பறி, வீடு புகுந்து கொள்ளை எல்லாம் விரிவாக இருக்கும்.

அமெரிக்காவின் நான்கு நிலைகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஒரு நாடு முழுவதற்கும் ஓர் எண் என்பது எவ்வளவு மொட்டையான அளவுகோல் என்பதைப் புரிந்துகொள்ள, அதே பட்டியலில் நம் நாட்டைத் தேடிப் பாருங்கள். 2025-ல் புதுப்பித்த அறிவுரையில் இந்தியா இரண்டாம் நிலையில் இருந்தது. அதற்குள் ஜம்மு காஷ்மீருக்குப் பெரும்பாலும் ‘போகவே வேண்டாம்’ என்ற நான்காம் நிலை. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்? டிரினிடாடின் எண்ணும் பாயிண்ட் லிசாஸை ஒட்டிய கூவா நகரத்துக்காரருக்கு அந்த அளவில்தான் பயன்படும்.

எண்ணைக் கடந்து கீழே படித்தால் அமெரிக்க அறிவுரைதான் மூன்றிலும் அதிகப் பயனுள்ளது என்பேன். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரின் மேலே பான் ஆம் விமானம் குண்டு வெடித்துச் சிதறியது. அதற்கு முன்பே வந்திருந்த ஒரு மிரட்டல் தகவலை மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் தன் ஊழியர்களின் பார்வைக்காக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது என்பதும், பொதுமக்களுக்கு அந்தத் தகவல் போகவில்லை என்பதும் பிறகு தெரியவந்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன் விளைவாக, ஊழியர்களின் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் எச்சரிக்கையைக் குடிமக்களிடமிருந்து மறைக்கக் கூடாது என்ற விதி அங்கே நிலைபெற்றது. ஆகவே அமெரிக்கப் பக்கத்தில் ‘எங்கள் அரசு ஊழியர்கள் இந்த இடங்களுக்குப் போகக் கூடாது’ என்று ஒரு வரி வந்தால், அதை எழுதியவர்கள் அதே ஊரில் குடும்பத்தோடு குடியிருந்து அதே சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பொருள். எந்த நாட்டு அறிவுரையிலும் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

டிரினிடாடைப் பொறுத்தவரை அந்த வரியில் வரும் பெயர்கள் லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ், கோகோரிட், குயீன்ஸ் பார்க் சவானா மைதானத்தின் உட்பகுதி ஆகியவை. இருட்டிய பிறகு தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் நகர மையம், ஃபோர்ட் ஜார்ஜ் மலைக்கோட்டை, எல்லாக் கடற்கரைகளும் அதில் சேரும். வரைபடத்தை எடுத்து இவற்றைக் குறித்துப் பாருங்கள். கடற்கரைகள் நீங்கலாக மற்ற எல்லாம் தலைநகரிலும் அதை ஒட்டிய குன்றுகளிலும் நெடுஞ்சாலையோரத்திலும் அடங்கிவிடும். பாயிண்ட் லிசாஸ் தீவின் மேற்குக் கரையில், நடுப் பகுதியில் இருக்கிறது. கூவா, சகுவானாஸ், சான் பெர்னாண்டோ ஆகியவை அதைச் சுற்றிய ஊர்கள். உங்கள் கணவரின் நிறுவனம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் வீடு பார்க்கும். அங்கெல்லாம் குற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சகுவானாஸ் கடைவீதியில் கொள்ளை நடக்கிறது. வீடு புகுந்து திருடுவது தீவு முழுவதும் உண்டு. இருந்தாலும் செய்தியில் வரும் கும்பல் மோதல்களின் மையம் அதுவன்று.

அந்த மோதல்கள் எத்தகையவை என்பதை மாமியாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழும் நாடு. 2024-ல் அங்கே 600-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, அந்நாட்டின் வரலாற்றிலேயே மிக அதிகம். லட்சம் பேருக்கு 40-ஐத் தாண்டும் விகிதம் அது. 2025-ல் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கும்பல் பகையோடும் போதைப்பொருள், துப்பாக்கிக் கடத்தலோடும் ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு குடும்பத்தைத் தொடக்கூடிய ஆபத்து வேறு வகையானது: துப்பாக்கியைக் காட்டிப் பறித்தல், வண்டியைப் பறித்தல், வீட்டுக்குள் புகுதல். நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது இவற்றுக்கு எதிராகத்தான்.

‘அவசரநிலை’ என்ற சொல்லைக் கண்டு நீங்கள் பயந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நமக்கு அந்தச் சொல் 1975-ஐ நினைவூட்டுவதால் பயம் இயல்பே. டிரினிடாடில் அது வேறு விதமாகப் பயன்படுகிறது. 2024 டிசம்பர் இறுதியில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு காவல் நிலையத்துக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சூட்டையும், அடுத்து லாவென்டிலில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் தொடர்ந்து, பழிக்குப் பழி நீளும் என்று அஞ்சி டிசம்பர் 30 அன்று அவசரநிலை அறிவித்தார்கள். ஊரடங்கு இல்லை. பிடியாணை இல்லாமல் சோதனையிடவும் கைது செய்யவும் காவல்துறைக்கு அதிகாரம் கிடைத்தது, ராணுவத்துக்கும் அந்த அதிகாரத்தில் பங்கு இருந்தது. அந்த அவசரநிலைக்கு நடுவிலேயே 2025 மார்ச் 3, 4 தேதிகளில் கார்னிவல் திருவிழா நடந்தது, லட்சக்கணக்கானோர் தெருவில் ஆடினார்கள். ஏப்ரல் நடுவில் அது முடிந்தது. அம்மாதக் கடைசியில் பொதுத்தேர்தல் நடந்து கம்லா பெர்சாத் பிசேசர் மீண்டும் பிரதமரானார். சிறைக்குள்ளிருந்தே குற்றக் கும்பல்கள் சதி செய்வதாகச் சொல்லி அவருடைய அரசும் ஜூலை 18 அன்று மறுபடி அவசரநிலை கொண்டுவந்தது. ஆனால் 2011-லும், கொரோனா காலமான 2021-லும் அறிவித்த அவசரநிலைகளில் ஊரடங்கு இருந்தது. எனவே நீங்கள் அங்கே இருக்கும்போது அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘ஊரடங்கு உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை’ என்பதுதான். வழியில் நிறுத்திச் சோதித்தால் அமைதியாக ஒத்துழையுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும், மூலம் வீட்டில் பூட்டில் இருக்கட்டும்.

இனி நடைமுறை. ஆறு வாரத்தில் ஆபத்து அதிகமுள்ள ஒரு மணி நேரத்தைச் சொல்லச் சொன்னால், பியார்கோ விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும் அந்த முதல் மணி நேரத்தைச் சொல்வேன். விமான நிலையத்திலிருந்து வெளிவரும் வண்டிகளைப் பின்தொடர்ந்து போய் வீட்டு வாசலிலோ வழியிலோ கொள்ளையடித்த நிகழ்ச்சிகள் நடந்திருப்பதால் அறிவுரைகள் அதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. நீண்ட பயணத்தின் களைப்பில், பெரிய பெட்டிகளோடு, தூங்கும் குழந்தையோடு வருகிறவர்களை அடையாளம் காண்பது எளிது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே பகல் வெளிச்சத்தில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். நூறு டாலர் அதிகமானாலும் அது வீண்செலவாகாது. நிறுவனத்தின் வண்டி, பெயர் தெரிந்த ஓட்டுநர், அவருடைய படமும் வண்டி எண்ணும் முன்கூட்டியே உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து தெற்கே கூவாவுக்குப் போகிறவர்கள் தலைநகருக்குள் நுழையவே தேவையில்லை என்பது உங்களுக்கு ஒரு வசதி.

ஊருக்குள் போய்வர, பதிவு பெற்ற வாடகை வண்டிகளின் எண் பலகை ‘ஹெச்’ என்ற எழுத்தில் தொடங்கும். ‘பி’ என்று தொடங்குவது சொந்த வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுகிறவர்களை அங்கே ‘பி.ஹெச்.’ என்பார்கள், உள்ளூர்க்காரர்கள் தயங்காமல் ஏறுவார்கள், நீங்கள் ஏற வேண்டாம். ‘மேக்ஸி டாக்ஸி’ எனப்படும் சிற்றுந்துகளில் பக்கவாட்டில் ஓடும் பட்டையின் நிறம் தடத்தைச் சொல்லும். உங்கள் பகுதிக்கு உரியது பச்சை. பகலில் அவற்றில் போகலாம் என்றாலும் குழந்தையோடு அறிமுகமான ஓர் ஓட்டுநரை வைத்துக்கொள்வதே நல்லது. வண்டிகள் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன.

நகை விஷயத்தை அறிவுரைகள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும்: விலையுயர்ந்த நகை அணியாதீர்கள் என்று. நம் வீடுகளில் அந்த வரி எவ்வளவு பெரிய பேச்சாக நீளும் என்று எனக்குத் தெரியும். தாலிக்கொடியைத் தங்கத்தில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, ஆடைக்குள் மறைந்திருக்கும்படி போய் வந்த குடும்பங்களை நான் அறிவேன். ஒருவருக்கும் அதனால் குறை வந்ததில்லை. குழந்தையின் கழுத்திலும் காதிலும் தங்கம் வேண்டாம். கயானாவைப் போல டிரினிடாடிலும் இந்திய வம்சாவளியினர் தங்கம் வாங்கிச் சேர்ப்பவர்கள் என்பது ஊரறிந்த செய்தி. உங்கள் முகத்தைப் பார்த்து உள்ளூர் வணிகக் குடும்பம் என்று ஒருவன் தவறாகக் கணக்குப் போடவும் கூடும். 2000-களின் தொடக்கத்தில் பணத்துக்காக ஆள் கடத்துவது அங்கே பெருகியபோது அப்படிப்பட்ட குடும்பங்கள் பலமாகப் பாதிக்கப்பட்டன. அந்த அளவுக்கு இப்போது இல்லையென்றாலும் அறிவுரைகளில் ‘ஆள் கடத்தல்’ என்ற சொல் இன்னும் நீங்காமல் இருப்பது அதனால்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, சன்னல் கம்பிகள், வெளி விளக்குகள், இரவுக் காவலர், சுற்றுச்சுவரும் வாயில் கதவும் உள்ள குடியிருப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அதே நாட்டின் இன்னொரு தீவான டொபாகோவுக்கு விடுமுறைக்குப் போனால் இதை மறக்கவே கூடாது. டொபாகோ அமைதியான தீவு என்ற பேச்சு பெருமளவு உண்மைதான், ஆனால் தனித்து நிற்கும் விடுமுறை வீடுகளில் வெளிநாட்டவர்கள் தாக்கப்பட்ட கொடிய சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. ஆள் நடமாட்டமுள்ள விடுதியில் தங்குங்கள்.

சுற்றிப் பார்க்கும் இடங்களில், லா ப்ரேயாவிலுள்ள நிலக்கீல் ஏரி, லாஸ் குவேவாஸ் கடற்கரை, ஃபோர்ட் ஜார்ஜ் ஆகியவற்றில் வண்டி நிறுத்துமிடங்களில் வழிப்பறி நடப்பதைப் பிரிட்டிஷ் அறிவுரை பல ஆண்டுகளாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வந்திருக்கிறது. அதற்காக நிலக்கீல் ஏரியைப் பார்க்காமல் வர வேண்டியதில்லை. உலகின் மிகப் பெரிய இயற்கை நிலக்கீல் ஏரி அது. காலையில், வழிகாட்டியோடு, கூட்டமாகப் போங்கள். உங்கள் பக்கத்திலேயே வாட்டர்லூவில் கடலுக்குள் கட்டிய கோயிலும், காரபிச்சைமாவில் 85 அடி அனுமன் சிலையும் இருக்கின்றன. 1845-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழர்களும் உண்டு. ‘மதராசி’ என்ற பெயரில் அவர்கள் வழிவந்த காளி வழிபாடு இன்றும் அங்கே தொடர்கிறது. மாமியாரைச் சமாதானப்படுத்த இது உதவக்கூடும்.

கார்னிவல் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் நாட்களில் வரும். ஆறு வாரக் கணக்கில் அது உங்கள் தங்கலுக்குள் விழ வாய்ப்பிருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையோடு போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஊர்வலத்துக்குப் போக வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் குற்றம் மட்டுமன்று. கூட்டமும் வெயிலும் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகளுமே போதும். சிறுவர்களுக்கென்று தனி ஊர்வலம் உண்டு, ஊர்தோறும் சிறிய அளவில் நடக்கிறது, அதைப் பாருங்கள். 2018-ல் கார்னிவலைக் குலைக்கச் சதி நடப்பதாகக் காவல்துறை சிலரைப் பிடித்து விசாரித்தது. சிரியாவுக்குப் போய்த் தீவிரவாதக் குழுவில் சேர்ந்தவர்கள் மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் டிரினிடாடிலிருந்து அதிகம். அறிவுரைகளில் பயங்கரவாதம் என்ற பத்தி இருப்பதற்கு அவையே பின்னணி. 1990 ஜூலையில் ஓர் ஆயுதக் குழு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிணையாகப் பிடித்து வைத்த நாடு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டங்களில் ஒன்று நம்மவர்களைப் பெரும்பாலும் சிக்கவைக்கும். ராணுவச் சீருடை போன்ற பச்சைப் புள்ளித் துணி, அதாவது ‘கேமோஃபிளாஜ்’ உடை அங்கே தடைசெய்யப்பட்டது. சட்டை, தொப்பி, பை எதுவானாலும் குற்றம். குழந்தை உடைக்கும் விலக்கு இல்லை. பெட்டி அடுக்கும்போது மகளின் துணிகளை ஒருமுறை பாருங்கள். கைப்பையில் மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள், அங்கே அதற்கு அனுமதி வாங்க வேண்டும்.

வெனிசுவேலா மிக அருகில் உள்ளது. நெருக்கமான இடத்தில் கடல் அகலம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். 2025 செப்டம்பரிலிருந்து அமெரிக்கப் படைகள் போதைப்பொருள் படகுகள் என்று சொல்லிக் கரீபியன் கடலில் படகுகளைத் தாக்கத் தொடங்கின. அக்டோபரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்தது வெனிசுவேலாவைச் சீற வைத்தது. 2026 ஜனவரி 3 அன்று அமெரிக்கா கராகஸ் மீது தாக்குதல் நடத்தியபோது கிழக்குக் கரீபியன் வான்வெளி அமெரிக்க விமானங்களுக்கு மூடப்பட்டு, தீவுகளில் ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். தரையில் இருக்கும் குடும்பத்துக்கு இதனால் நேரடி ஆபத்து குறைவு, பாதிப்பு விமானங்களுக்குத்தான். தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டு, மூன்று வாரத்துக்குப் போதுமான கூடுதல் மருந்து, இரண்டாவதாக ஒரு கடனட்டை ஆகியவை போதும். டிரினிடாடுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவிலுள்ள பாரியா வளைகுடாவில் மீன்பிடிப் படகிலோ உல்லாசப் படகிலோ போவது மட்டும் வேண்டவே வேண்டாம். கடற்கொள்ளை அங்கே புதிதன்று.

இயற்கைச் சீற்றங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். நீங்கள் போவது வறண்ட பருவத்தில். தீவு சூறாவளிப் பாதையின் தென் விளிம்பில் இருப்பதால் நேரடி அடி அரிது, எனினும் 1963-ல் ஃப்ளோரா டொபாகோவைச் சூறையாடியது. நிலநடுக்கத்துக்குப் பருவம் இல்லை. 2018 ஆகஸ்டில் வெனிசுவேலாக் கரையருகே ஏற்பட்ட 7.3 அளவு நடுக்கம் தலைநகரில் கட்டடங்களைச் சேதப்படுத்தியது. எந்த அரசின் அறிவுரையிலும் வராத ஒன்றை நிறுவனத்திடம் கேளுங்கள்: அம்மோனியா ஆலைகள் நிறைந்த பேட்டையருகே குடியிருக்கும் குடும்பங்களுக்கு, வாயுக் கசிவு ஏற்பட்டு அபாயச் சங்கு ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது.

கடற்கரையில் இரண்டு எச்சரிக்கைகள். மராகாஸ் போன்ற வடக்குக் கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி. அடுத்தது மஞ்சினீல் மரம். டொபாகோ கடற்கரைகளில் நிழல் தரும், சிறிய பச்சை ஆப்பிள் போன்ற காய் உதிர்க்கும் மரம் அது. 1999-ல் விடுமுறைக்கு வந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் அந்தக் காயைக் கடித்துவிட்டு, முதலில் இனிப்பாக இருந்து பிறகு தொண்டை எரிந்து அடைத்ததை மருத்துவ இதழில் எழுதினார். மழை பெய்யும்போது அதன் கீழே நின்றால் வழியும் பாலே தோலைப் புண்ணாக்கும். கீழே கிடக்கும் எதையும் எடுத்து வாயில் வைக்கும் வயது உங்கள் மகளுக்கு.

முதலிலேயே சொன்ன, முக்கியமான செய்திக்கு இப்போது வருகிறேன். டிரினிடாட் தீவு மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய இடங்களின் பட்டியலில் உள்ளது. டொபாகோ அதில் இல்லை. காடுகளில் குரங்குகளிடையே சுற்றும் வைரஸ் அது. நகரத்தில் மட்டும் இருந்து திரும்புகிறவருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், மேற்கு நாடுகளின் அறிவுரைகள் காட்டுக்குள் போகிறவர்களுக்கே தடுப்பூசியை வலியுறுத்துகின்றன. அவர்கள் ஊரில் அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருமளவில் இல்லை. நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆகவே இந்தியாவின் விதி கடுமையானது. டிரினிடாடிலிருந்து வருகிறவர் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. போகும்போது இந்தச் சான்றை யாரும் கேட்க மாட்டார்கள், திரும்பும்போது சென்னையில் கேட்பார்கள். குழந்தையோடு அந்த நிலையில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். 2016-லிருந்து ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டை மூலமாக எடுத்துப் போக வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். கணவருக்கும் இது பொருந்தும், அவர் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் திரும்பும் தேதிக்கு முன் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். டெங்கு அங்கேயும் உண்டு. அதற்குக் கொசுவலையும் களிம்பும்தான்.

காப்பீட்டில் இரண்டு இடங்களைப் பாருங்கள். நம் நிறுவனங்கள் ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்று மலிவாக விற்கும் திட்டம், நீங்கள் நியூயார்க் அல்லது மயாமி வழியாகப் போனால் அங்கே உதவாமல் போகலாம். அந்த வழியில் விமானம் மாறவே அமெரிக்க விசா வேண்டும் என்பது வேறு. லண்டன் வழி எளிதாக இருக்கலாம், அதற்கும் இடைநிற்றல் விசா விதியைச் சரிபாருங்கள். அடுத்து, மருத்துவத்துக்காக வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

நம் வெளியுறவு அமைச்சகம் நாடுதோறும் நிலை போட்டு அறிவுரை வெளியிடும் வழக்கம் இல்லை. போர், கலவரம் என்று வந்தால் மட்டும் எழுதும். அதனால் நாம் பிறர் எழுதியதைக் கடன் வாங்கிப் படிக்கிறோம். ஆனால் ஆபத்து வந்தால் பிரிட்டிஷ் தூதரகம் உங்களுக்காகக் கதவைத் திறக்காது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மூவர் பெயரையும் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 811, தீயணைப்புக்கு 990. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி, மகளின் பையில் வீட்டு முகவரியோடும் கணவரின் எண்ணோடும் சேர்த்து வையுங்கள். மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடாமல், திரும்பும் நாள்வரை பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.